கறிக்கோழித் தீவனத்தில் சோயாவைக் குறைத்து, டெல்டாவில் கிடைக்கும் புரதங்களைச் சேர்ப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகே, ஒரு தொகுதிக்கு 500 கறிக்கோழிகள் என்ற அளவில் ஆறு ஆண்டுகளாக வளர்த்து, எங்கள் ஊர்க் கடையிலேயே விற்று வருகிறேன். எந்த நிறுவனத்தோடும் எனக்கு ஒப்பந்தம் இல்லை. குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து வாங்கிவிட்டுத் தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிக்கொள்கிறேன்.

100 கிலோ தீவனத்தில் 60 கிலோ மக்காச்சோளம், 30 கிலோ சோயாப் பிண்ணாக்கு, மீதிக்கு எண்ணெய், தாது உப்பு, வைட்டமின் கலவை, 150 கிராம் லைசின், அதோடு மெத்தியோனின் என்பதே என் வழக்கமான கலவை. சோயா மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வர வேண்டியிருப்பதால் அதன் விலை நம் கையில் இல்லை. 2021 ஆம் ஆண்டில் விலை தாறுமாறாக ஏறி, மத்திய அரசு 12 லட்சம் டன் சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பருவத்தில் பட்ட நட்டம் இன்னும் என் மனத்தில் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் விளைவதைக் கொண்டே கோழியை வளர்க்க முடியாதா என்று தொடர்ந்து யோசித்து வருகிறேன்.

சென்ற கார்த்திகையில் துணிந்து ஒரு சோதனை செய்தேன். சோயாவைப் பாதியாக, அதாவது 15 கிலோவாகக் குறைத்து, அந்த இடத்தில் 11 கிலோ கடலைப் பிண்ணாக்கும் பருப்பு ஆலையில் கிடைத்த உளுந்துக் குருணை 4 கிலோவும் சேர்த்தேன். மேலும், தொட்டியில் வளர்த்த அசோலா என்ற நீர்ச் செடியைத் தினமும் காலையில் பச்சையாகவே போட்டேன். வழக்கமாக 42 நாளில் 2.1 கிலோ வரும் கோழி இம்முறை 1.55 கிலோவில் நின்றுவிட்டது. ஒரு கோழி தின்ற தீவனமோ 3.4 கிலோ. முன்பு ஒரு கிலோ எடைக்கு 1.7 கிலோ தீவனம் போதுமாக இருந்த நிலை மாறி, 2.2 கிலோ ஆயிற்று. இறகு சரியாக மூடவில்லை. தரையில் பரப்பிய கூளம் ஈரமாகவே கிடந்து அம்மோனியா வாடை அடித்தது. உரித்தபோது சில கோழிகளின் ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தது. புரத அளவைக் கூட்டிப் பார்த்தால் பெரிய குறைவு தெரியவில்லை. நான் எங்கே தவறினேன்? நாகப்பட்டினத்திலிருந்து வரும் தீவனக் கருவாட்டைச் சேர்த்தால் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கால்நடை மருத்துவர், ஒரத்தநாடு வட்டம்:

எடைகளையும் கலவையையும் நீங்கள் இவ்வளவு தெளிவாகக் குறித்து வைத்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. புரதத்தைக் கூட்டிப் பார்த்தீர்கள், அது தவறில்லை. ஆனால் கோழிக்குத் தேவைப்படுவது புரதம் என்ற பெயருள்ள ஒரே பொருள் அல்ல. புரதத்தைக் கட்டும் கூறுகளான அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றும் அதனதன் அளவில் கிடைக்க வேண்டும். மக்காச்சோளத்தை அடிப்படையாகக் கொண்ட தீவனத்தில் லைசினும் மெத்தியோனினும்தான் முதலில் பற்றாமல் போகும். சோயாவை விட்டு விலகுவோர் பெரும்பாலும் இடறுவது லைசினில்.

உங்கள் கலவையையே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சோயாப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 460 கிராம் புரதமும் அதற்குள் 28 கிராம் லைசினும் இருக்கும். கடலைப் பிண்ணாக்கில் புரதம் 420 கிராம் அளவுக்கு இருந்தாலும் லைசின் 14 அல்லது 15 கிராம்தான். உளுந்துக் குருணையிலும் ஏறத்தாழ அதே 14 கிராம்தான். நீங்கள் எடுத்த 15 கிலோ சோயாவோடு 420 கிராம் லைசின் போயிற்று. பதிலுக்குச் சேர்த்த இரண்டும் சேர்ந்து 220 கிராம்கூடத் தரவில்லை. பழைய கலவையில் மக்காச்சோளத்தின் பங்கையும் வாங்கிச் சேர்த்த லைசினையும் கூட்டினால் 100 கிலோவுக்கு 1,100 கிராம், அதாவது 1.10 விழுக்காடு இருந்தது. அது புதிய கலவையில் 0.90 ஆக இறங்கிவிட்டது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994 இல் வெளியிட்ட அளவுகளின்படி முதல் மூன்று வாரங்களுக்கு 1.10 விழுக்காடும் அடுத்த மூன்று வாரங்களுக்கு 1.00 விழுக்காடும் வேண்டும். இன்றைய வேகமாக வளரும் இனங்களுக்கு அவற்றை உருவாக்கிய நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகவே பரிந்துரைக்கின்றன. ஆகவே முதல் நாளிலிருந்தே உங்கள் குஞ்சுகள் பற்றாக்குறையில் வளர்ந்திருக்கின்றன.

கூளம் ஈரமானதற்கும் இதில் பங்கு உண்டு. ஓர் அமினோ அமிலம் போதாவிட்டால் மற்றவற்றைக் கொண்டு உடல் தசையைக் கட்ட முடியாது. பயன்படாதவற்றைக் கோழி சிதைத்து யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது; அதற்காகக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறது. அம்மோனியா வாடையாக நீங்கள் முகர்ந்தது காசு கொடுத்து வாங்கிய புரதத்தைத்தான். வேகவைக்காத உளுந்தில் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருளும் இருப்பதால், குருணையை வறுக்காமல் குஞ்சுகளுக்குக் கொடுத்தது நிலைமையை மேலும் கெடுத்திருக்கும்.

அசோலா பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதியில் அதன்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. உலர்ந்த நிலையில் அதில் 20 முதல் 25 விழுக்காடு புரதம் உண்டு என்பது உண்மையே. ஆனால் பச்சை அசோலாவில் 93 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோவில் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 15 கிராம். நான்காம் வாரத்தில் 500 கோழிகள் நாளொன்றுக்கு 50 கிலோ தீவனமும் அதன் வழியாக 10 கிலோ புரதமும் உண்கின்றன. இதில் இருபதில் ஒரு பங்கை அசோலாவால் ஈடுகட்ட வேண்டுமென்றாலே தினமும் 33 கிலோ அறுவடை வேண்டும்; சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் என்ற விளைச்சலில் அதற்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் சென்ட் பரப்பில் தொட்டி கட்ட வேண்டும். அவ்வளவு செய்தாலும் தண்ணீரால் இரைப்பை நிறைந்த குஞ்சு, தின்ன வேண்டிய தீவனத்தைத் தின்னாது. அசோலாவைக் கறவை மாட்டுக்குக் கொடுங்கள். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் எந்தப் புரதத்திலிருந்தும் தமக்கு வேண்டிய லைசினை ஆக்கிக்கொள்ளும். கோழிக்கு அந்த வசதி இல்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது அந்த மஞ்சள் ஈரல். ஈரலைக் கண்ணால் பார்த்து மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றாலும், கார்த்திகை மழையில் வாங்கிய கடலைப் பிண்ணாக்கு என்றவுடன் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்குக் காரணம் தேடியபோதுதான், பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்த நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. வெயிலில் காயவைத்தால் பூஞ்சை அடங்கலாம். ஏற்கெனவே உண்டான நச்சு அழியாது, வறுத்தாலும் முழுமையாகப் போகாது. கோழித் தீவனத்தில் அஃப்ளடாக்சின் பி1 ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் இதைப் பரிசோதிக்கலாம். மாதிரியை ஒரே மூட்டையின் மேற்புறத்தில் அள்ளாமல், பல மூட்டைகளின் அடியிலும் நடுவிலும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து அனுப்புங்கள். நச்சு எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை.

கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம்:

கருவாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கருவாட்டு வணிகத்தில் இருக்கிறது. வீட்டில் 200 கோழிகளும் உண்டு. நல்ல மீன்தூளில் லைசினும் மெத்தியோனினும் நிறைவாக இருக்கும். கடலைப் பிண்ணாக்கின் குறையை அதைப் போல ஈடுசெய்யும் பொருள் வேறில்லை. ஆனால் தீவனத்துக்கென்று மூட்டையில் வருவது பெரும்பாலும் நல்ல மீன் அல்ல.

வலையில் கலந்து வரும் சிறு மீன்களைக் கடற்கரை மணலிலேயே பரப்பி உலர்த்துவதால் மணலும் எடையோடு சேர்ந்து வந்துவிடும். ஒரு கைப்பிடித் தூளைக் கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றிக் கலக்கிவிட்டு ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் படியும் மணலே விலையைத் தீர்மானிக்கும். அதைவிடப் பெரிய இடர் உப்பு. கெடாமல் இருக்க உப்பிட்ட மீனில் 15 விழுக்காடு உப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கிலோ தீவனத்தில் 5 கிலோ கருவாடு சேர்க்கும்போதே 750 கிராம் உப்பு உள்ளே போய்விடும். வழக்கமாக நாம் சேர்ப்பது 300 கிராம் அளவுதான். அப்புறம் கூளம் ஈரமாகாமல் என்ன செய்யும்? ஈரக் கூளத்தில் உழலும் உங்கள் பண்ணைக்கு அது முற்றிலும் ஆகாது.

வாங்குவதென்றால் உப்பிடாமல் வேகவைத்து, வலைமேல் காயவைத்த மத்தி அல்லது நெத்திலியைக் கேட்டு வாங்குங்கள். 100 கிலோவில் 3 முதல் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். விற்பனைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே நிறுத்திவிடாவிட்டால் இறைச்சியில் மீன் வாடை ஏறும். வாடிக்கையாளர் ஒருமுறை முகம் சுளித்தால் திரும்பி வர மாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது சரக்கும் கிடைக்காது. இறால் தலைத் தூள் மலிவாக வரும். அதன் புரத எண்ணில் ஒரு பகுதி ஓட்டிலுள்ள கைட்டினைச் சேர்ந்தது, கோழிக்கு எளிதில் செரிக்காது.

ஒன்றை மட்டும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். மத்தியும் நெத்திலியும் ஏழை வீடுகளின் சத்துணவு. அதைக் கோழிக்கு அரைக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஆகவே குஞ்சுப் பருவத்தில் கொஞ்சம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புழு வளர்ப்பவர், கும்பகோணம்:

கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவைப் பற்றி இதுவரை யாரும் குறிப்பிடவில்லை என்பதால் எழுதுகிறேன். காய்கறிச் சந்தைக் கழிவில் இரண்டு ஆண்டுகளாக வளர்த்து, என் நாட்டுக்கோழிகளுக்குக் கொடுத்து வருகிறேன். வீட்டு ஈயைப் போல இது நோய் பரப்பித் திரிவதில்லை. வளர்ந்த ஈக்கு உணவு தேவையில்லை, முட்டையிட்டுவிட்டுச் சில நாட்களில் இறந்துவிடும். புழு இரண்டு அல்லது இரண்டரை வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. உலர்ந்த புழுவில் 40 விழுக்காட்டை ஒட்டிப் புரதமும் 30 விழுக்காடு வரை கொழுப்பும் உண்டு. லைசினும் சோயாவுக்கு இணையாகச் சொல்லத்தக்க அளவில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் பூச்சிப் புரதத்தைக் கோழித் தீவனத்துக்கு அனுமதித்தது.

இருந்தாலும் உங்களை ஆசை காட்டி இழுக்க விரும்பவில்லை. ஆய்வகங்கள் நைட்ரஜன் அளவை 6.25 ஆல் பெருக்கித்தான் புரதத்தைச் சொல்கின்றன. புழுவின் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால், 4.76 ஆல் பெருக்குவதே இந்தப் புழுவுக்குப் பொருந்தும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 40 என்று சொல்லப்படுவது 30 ஆகிவிடுகிறது. 100 கிலோ ஈரக் கழிவில் எனக்கு 10 முதல் 20 கிலோ வரை பச்சைப் புழு கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிவு சேறாகிவிட்டால் புழுக்கள் தொட்டியை விட்டு ஏறி ஓடிவிடும். 500 கறிக்கோழிகளின் புரதத்தில் ஒரு கணிசமான பங்கைத் தர வேண்டுமென்றால் இது முழுநேர வேலையாகிவிடும். மெதுவாக வளர்ந்து நல்ல விலைக்குப் போகும் நாட்டுக்கோழிக்கு இது பொருந்துகிறது. 42 நாளில் எடையைக் கேட்கும் கறிக்கோழிக்குப் பக்கத்துணையாக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். செத்த கோழியையோ கோழி எச்சத்தையோ புழுவுக்கு உணவாகப் போட்டு, அதே புழுவை மீண்டும் கோழிக்குக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் பரவுகிறது. நோய் சுற்றிச் சுற்றி வர அதுவே வழியாகும். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

தீவனம் அரைப்பவர், பாபநாசம்:

அரிசியிலிருந்து எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் உலர்ந்த சக்கையான டிடிஜிஎஸ் இப்போது சந்தைக்கு வருகிறது. அதன் புரதம் 40 விழுக்காட்டுக்கு மேல். விலையும் பல வேளைகளில் சோயாவைவிடக் குறைவு. லைசின் இதிலும் குறைவுதான். நிறம் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் உலர்த்தும்போது சூடு மிஞ்சி, இருக்கும் லைசினும் கெட்டுவிட்டது என்று பொருள். மாவுச்சத்து வெளியேறி மற்றதெல்லாம் செறிவதால்தான் 8 விழுக்காடு புரதமுள்ள அரிசி 40 ஐத் தாண்டுகிறது. அந்த அரிசியில் பூஞ்சை நச்சு இருந்திருந்தால் அதுவும் அதே கணக்கில் செறிந்திருக்கும். ஆய்வறிக்கை காட்டாதவரிடம் நான் வாங்குவதில்லை. புரதத்தைக் கூட்டிக் காட்ட யூரியா கலந்து விற்ற சரக்கு ஒருமுறை என்னிடமே வந்தது என்பதால், மொத்தப் புரதம் என்ற ஒரே எண்ணை நம்பி விலை பேசுவதையும் விட்டுவிட்டேன்.

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்:

மருத்துவர் ஐயாவுக்கும், நாகப்பட்டினம் ஐயாவுக்கும், கும்பகோணம் சகோதரிக்கும், பாபநாசம் நண்பருக்கும் மிக்க நன்றி. லைசின் கணக்கைப் படித்தபோது, இரண்டு மாத உழைப்பு போனதன் காரணம் ஒரு பக்கத்தில் விளங்கிவிட்டது. மீதமிருந்த கடலைப் பிண்ணாக்கை மாட்டுக்கும் போடாமல் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன். மாதிரியை நாமக்கல்லுக்கு அனுப்புகிறேன்.

அறுவடைக்குப் பிறகு நெல் தரிசில் உளுந்து, பயறோடு எள்ளும் விதைக்கும் ஊர் எங்களுடையது. பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செக்குகளில் கடலைப் பிண்ணாக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கிடைக்கின்றன. லைசினை வாங்கிச் சேர்த்துவிட்டால் கடலையையும் எள்ளையும் இணைத்து, குஞ்சுப் பருவம் கடந்தபிறகு மட்டும் சோயாவைக் குறைக்க இயலுமா என்பதே இப்போது என் கேள்வி.

கால்நடை மருத்துவர், ஒரத்தநாடு வட்டம்:

இயலும். அந்த இணைப்பு நல்ல தேர்வும்கூட, ஏனெனில் கடலையில் குறைவான மெத்தியோனின் எள்ளில் நிறைவாக இருக்கிறது. 10 கிலோ சோயாவுக்குப் பதிலாக 8 கிலோ கடலைப் பிண்ணாக்கும் 3 கிலோ எள்ளுப் பிண்ணாக்கும் போட்டால் புரதம் ஏறத்தாழ 4.5 கிலோ கிடைக்கும். சோயா தந்தது 4.6 கிலோ. மெத்தியோனின் குறையாது. லைசினில் ஏறத்தாழ 130 கிராம் குறையும். கடையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் உண்மையான லைசின் 78 விழுக்காடு என்பதால், இப்போது சேர்ப்பதற்கு மேல் இன்னும் 170 கிராம் சேர்க்க வேண்டும். திரியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலமும் 50 கிராம் அளவு குறையும்; அதையும் மறவாதீர்கள். இரண்டு பிண்ணாக்குகள், லைசின், திரியோனின் ஆகிய நான்கின் விலையையும் கூட்டி 10 கிலோ சோயாவின் விலையோடு ஒப்பிட்டு, மிச்சம் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள். கறவை மாடு வைத்திருப்போர் போட்டி போட்டு வாங்கும் மாதங்களில் கடலைப் பிண்ணாக்கு சோயாவைவிட விலை ஏறிவிடுவதும் உண்டு.

முதல் 14 நாட்கள் சோயாவில் கை வைக்க வேண்டாம். அந்தப் பருவத்தில் குஞ்சு தின்னும் தீவனம் மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. அங்கே மிச்சம் பிடிப்பதில் பெரிய பணம் இல்லை, இழப்போ கடைசி நாள் வரை தொடரும். 15 முதல் 28 நாள் வரை சோயாவில் 4 கிலோவையும், அதற்குப் பிறகு 10 கிலோவையும் மாற்றலாம். கோழிகள் பெரும்பகுதித் தீவனத்தைத் தின்பது இந்தக் கடைசி இரண்டு வாரங்களில்தான் என்பதால் மிச்சமும் இங்கேதான் கிடைக்கும். எள்ளில் பைட்டேட்டும், தோலோடு அரைத்த கறுப்பு எள்ளில் ஆக்சலேட்டும் இருந்து கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்வதால், 5 கிலோவைத் தாண்டாமல், பைட்டேட்டைச் சிதைக்கும் ஃபைட்டேஸ் நொதியைச் சேர்த்துக் கொடுங்கள். தேங்காய்ப் பிண்ணாக்கில் நார்ச்சத்து மிகுதி, லைசின் மிகக் குறைவு. கறிக்கோழிக்கு அதை விட்டுவிடலாம். உளுந்துக் குருணையை நன்றாக வறுத்து, கடைசி வாரங்களில் 5 கிலோ வரை சேர்க்கலாம்.

அடுத்த தொகுதியில் 500 கோழிகளையும் இந்தக் கலவைக்கு மாற்றிவிடாதீர்கள். கொட்டகையின் ஒரு மூலையை வலையால் தடுத்து 50 கோழிகளுக்கு மட்டும் கொடுங்கள். அதே வயதில் அதே அளவு இடத்தில் இன்னொரு 50 கோழிகள் பழைய கலவையைத் தின்னட்டும். வாரம் ஒருமுறை, காலையில் தீவனம் வைப்பதற்கு முன் எடை பார்த்து, இரு பக்கமும் தின்ற தீவனத்தையும் குறித்து வையுங்கள். கடலைப் பிண்ணாக்கைப் பங்குனி, சித்திரையில் புதிதாக ஆட்டியதாகப் பார்த்து வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் தீர்ந்துவிடும் அளவு மட்டும் வாங்கினால் போதும்.